பசுமைக் கட்டடமும் கணக்கில் வராத மனிதரும்

"வீட்டைக் கட்டிப் பார், கலியாணம் பண்ணிப் பார்" என்பது நம்மவர் பழமொழி. இறங்கிச் செய்தாலன்றி அதன் செலவும் சிரமமும் தெரியா என்பது அதன் கருத்து. இன்றோ, ஒரு செங்கல்லும் எடுத்து வைக்காமலே வீட்டைக் கட்டிப் பார்க்கிறார்கள். கணிப்பொறித் திரையில் சுவர் எழுகிறது, கூரை அமைகிறது, சூரியன் கிழக்கே தோன்றி மேற்கே மறைகிறான். ஓராண்டின் 8,760 மணி நேரமும் சில நிமிடங்களில் ஓடி முடிகின்றன. எந்த அறை எந்த மாதத்தில் எவ்வளவு சூடாகும், எத்தனை யூனிட் மின்சாரம் செலவாகும் என்ற விடையும் கைக்கு வந்துவிடுகிறது.

இதனைக் கட்டடத்தின் எண்ணியல் மாதிரி என்கிறோம். மின்சாரத்தையும் நீரையும் சிக்கனமாகப் பயன்படுத்தி, சுற்றுப்புறத்துக்குக் கேடு குறைவாகச் செய்யும் கட்டடத்தைப் 'பசுமைக் கட்டடம்' என்று இக்காலத்தார் வழங்குகின்றனர். அத்தகைய கட்டடங்களைத் திட்டமிட எண்ணியல் மாதிரி இன்றியமையாத கருவியாகிவிட்டது. கட்டடப் பௌதிகம் பயிலும் மாணவன் என்ற முறையில் நானும் நாள்தோறும் இதனோடு பழகுகிறேன். இதன் ஆற்றலைக் கண்டு வியக்கிறேன். ஆயினும் ஒரு கேள்வி என்னை விடாமல் தொடர்கிறது. மாதிரியில் வரும் சுவர் நம் ஊர்ச் சுவராக இருக்கிறது. வெயிலும் நம் ஊர் வெயிலாக இருக்கிறது. உள்ளே குடியிருப்பவர் மட்டும் யாரோ ஒருவராக இருக்கிறாரே, அவர் யார்? இக்கேள்விக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மாதிரி எவ்வாறு கணக்கிடுகிறது?

மாதிரிக்கு நாம் இரு வகைச் செய்திகளைத் தருகிறோம். முதல் வகை, பொருள்களைப் பற்றியது. சுவரின் கனம் என்ன, அது செங்கல்லா கான்கிரீட்டா, வெப்பம் அதனூடே எவ்வளவு விரைவாகப் புகும், சன்னல் எத்திசை நோக்கியது, கூரைமேல் வெள்ளை பூசியிருக்கிறதா என்பன இவ்வகையின. இவற்றோடு, அவ்வூரின் வெயில், காற்று, ஈரப்பதம் ஆகியவற்றின் மணிவாரிப் பதிவையும் சேர்க்கிறோம். அமெரிக்க எரிசக்தித் துறையின் ஆதரவில் உருவாகி 2001-இல் வெளிவந்த 'எனர்ஜிபிளஸ்' என்னும் நிரல் இவ்வேலைக்கு உலகின் பல நாடுகளிலும் பயன்படுகிறது. வெப்பம் அழிவதில்லை, இடம்விட்டு இடம் செல்கிறது என்னும் விதியை ஒவ்வொரு சுவருக்கும் ஒவ்வோர் அறைக்கும் பொருத்தி, எண்ணற்ற சமன்பாடுகளை ஒருங்கே தீர்ப்பதுதான் அதன் பணி. இப்பகுதியில் பௌதிகம் உறுதியாகக் காலூன்றி நிற்கிறது.

இரண்டாம் வகை, மனிதரைப் பற்றியது. அமைதியாக அமர்ந்திருக்கும் ஒருவர் ஏறக்குறைய 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறார். அதாவது, பழைய குண்டு விளக்கு ஒன்றுக்கு ஒப்பாவார். ஆகையால் அறையில் எத்தனை பேர், எப்போது இருக்கின்றனர் என்று சொல்ல வேண்டும். இதற்கென ஓர் அட்டவணை உண்டு. நாளின் 24 மணிக்கும் 24 எண்கள். யாரும் இல்லையெனில் 0, எல்லாரும் இருந்தால் 1. விளக்குக்கு இப்படி ஓர் அட்டவணை, மின்விசிறிக்கு ஒன்று, சன்னல் திறப்பதற்கு ஒன்று. ஒரு குடும்பத்தின் வாழ்க்கை முழுவதும் இந்தச் சில வரிசைகளுக்குள் அடங்கிவிடுகிறது. அவகாசமின்மையாலோ செய்தி கிடைக்காமையாலோ, நிரலோடு கூடவே வரும் ஆயத்த அட்டவணையை அப்படியே எடுத்துக்கொள்வோர் பலர். அந்த ஆயத்த மனிதர் காலையில் வெளியே செல்கிறார், மாலையில் திரும்புகிறார், சன்னலைக் கணக்காகத் திறந்து மூடுகிறார். அவருக்குப் பாட்டி இல்லை. பரீட்சைக்குப் படிக்கும் தங்கை இல்லை. மின்சாரம் நின்றுபோவதும் இல்லை.

நிலைபேற்றின் நான்கு தூண்கள்

1987-இல் ஐக்கிய நாடுகளின் புருன்ட்லாண்டு குழு வெளியிட்ட அறிக்கை, 'நிலைபேறுடைய வளர்ச்சி' என்ற கருத்தை உலகெங்கும் பரப்பியது. வருங்காலத் தலைமுறையின் தேவைகளுக்கு ஊறு நேராமல் நம் தேவைகளை நிறைவு செய்துகொள்வதே நிலைபேறு என்று அவ்வறிக்கை விளக்கிற்று. பிற்காலத்தார் அதனை மூன்று தூண்களாகப் பகுத்தனர்: சுற்றுச்சூழல், பொருளாதாரம், சமூகம். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஜான் ஹாக்ஸ் என்பவர் 2001-இல், பண்பாட்டை நான்காம் தூணாகக் கொள்ள வேண்டும் என்று வாதாடினார்.

ஒரு வீட்டை வைத்து இதனைப் பார்த்தால் எளிதில் விளங்கும். குடியிருப்போர் அவ்வீட்டின் செலவைத் தாங்க முடிகிறதா, முதியோரும் உடல் ஊனமுற்றோரும் அதில் புழங்க முடிகிறதா, கட்டிய தொழிலாளிக்கும் துப்புரவு செய்பவருக்கும் அங்கே மதிப்பான இடம் இருக்கிறதா என்பன சமூக நிலைபேறு. மக்கள் உண்பது, உடுப்பது, உட்காருவது, உறங்குவது, விருந்தினரை வரவேற்பது ஆகிய வழக்கங்களுக்கு வீடு இடம் தருகிறதா, உள்ளூர்க் கொத்தனாரின் கைத்திறன் அதில் வாழ்கிறதா என்பன பண்பாட்டு நிலைபேறு. எண்ணியல் மாதிரி முதல் தூணை நன்றாக அளக்கிறது. இரண்டாவதை ஓரளவு அளக்கிறது. மற்ற இரண்டையும் பற்றி நாம் கேட்டாலன்றி அது வாய் திறப்பதில்லை.

அந்த 'யாரோ ஒருவர்' யார்?

டென்மார்க் நாட்டு அறிஞர் ஃபாங்கர், மனித உடலுக்கு எந்த வெப்பநிலை இதமானது என்பதை ஆராய்ந்து, 1970-இல் புகழ்பெற்ற நூல் ஒன்றை வெளியிட்டார். காற்றின் வெப்பநிலை, சுற்றியுள்ள சுவர்களின் வெப்பக் கதிர்வீச்சு, காற்றின் வேகம், ஈரப்பதம், உடை, செய்யும் வேலை ஆகிய ஆறு காரணிகளைக் கொண்டு, ஓர் அறையிலுள்ளோர் சராசரியாகக் குளிர் உணர்வாரா வெப்பம் உணர்வாரா என்று முன்னறிந்து கூறும் சமன்பாடு அவருடையது. சாதனை பெரியது என்பதில் ஐயமில்லை. ஆனால் அதன் அடிப்படையான சோதனைகளில் மிகுதியாகக் கலந்துகொண்டோர், மூடிய சோதனை அறைகளில் அமர்ந்த அமெரிக்க, டென்மார்க் மாணவர்கள். சன்னலைத் திறக்கவோ, விசிறியைச் சுழற்றவோ, மேலாடையைத் தளர்த்தவோ அவர்களுக்கு அங்கே வாய்ப்பில்லை.

உடலின் வேலை அளவைக் குறிக்கும் எண்ணும் இப்படித்தான். அது நடுத்தர வயது ஆடவர் ஒருவரை அளவுகோலாகக் கொண்டது. பெண்களின் உடல் வெளியிடும் வெப்பத்தை அது 35 விழுக்காடு வரை மிகுத்துக் காட்டக்கூடும் என்று 2015-இல் நெதர்லாந்து ஆராய்ச்சியாளர் கிங்மா, லிக்டன்பெல்ட் இருவரும் எழுதினர். குளிரூட்டப்பட்ட அலுவலகங்களில் பெண்கள் சால்வை போர்த்தி அமர்ந்திருப்பதன் காரணம் ஒருவாறு புலனாகிறதல்லவா? உடையைப் பற்றிய எண்ணும் ஆராயத்தக்கதே. கோட்டு, கால்சட்டைக்கு அளந்து வைத்த மதிப்புகள் உண்டு. புடவைக்கோ, இந்திய ஆராய்ச்சியாளர் மாதவி இந்திரகண்டி கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தாருடன் சேர்ந்து, வெப்பம் உமிழும் பொம்மைக்குப் புடவையைப் பல விதமாக உடுத்தி அளந்து பார்த்தார். ஒரே புடவை உடுத்தும் முறைக்கேற்பக் குளிர்காக்கும் திறனில் மாறுபட்டது. முந்தானையைப் போர்த்திக்கொள்வதும் இடுப்பில் செருகிக்கொள்வதும் பௌதிகத்தில் இரு வேறு உடைகள்!

இதே மாதவி இந்திரகண்டி, 2008-ஆம் ஆண்டுக் கோடையில் ஐதராபாத்தின் அடுக்குமாடி வீடுகளில் குடியிருப்போரை நேரில் கேட்டு ஆராய்ந்தார். அக்காலத்து இந்திய விதிமுறை இதமான வெப்பநிலை 23 முதல் 26 பாகை என்று வகுத்திருந்தது. மக்களோ 26 முதல் ஏறக்குறைய 32 பாகை செல்சியஸ் வரை தங்களுக்கு ஏற்புடையது என்றனர். நடுநிலை ஏறத்தாழ 29 பாகை.

பின்னர், அகமதாபாத்திலுள்ள செப்ட் பல்கலைக்கழகத்தார் அகமதாபாத், பெங்களூர், சென்னை, தில்லி, சிம்லா ஆகிய ஐந்து நகரங்களில், 16 அலுவலகக் கட்டடங்களில், மூன்று பருவங்களிலும் ஆய்வு நடத்தினர். திரட்டிய விடைகள் 6,330. அவற்றினின்று பிறந்ததே 'ஐமேக்' எனப்படும் இந்தியத் தகவமைப்பு இதநிலை மாதிரி. ஃபாங்கரின் சமன்பாடு இந்தியரின் வெப்ப உணர்வைத் தொடர்ந்து மிகுத்தே காட்டியது என்பது அவர்கள் கண்ட முடிவுகளுள் ஒன்று. 2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பில் இம்மாதிரி இடம்பெற்றது.

இம்மாதிரியின் கணக்கு மிக எளிது. குளிரூட்டி இன்றிச் சன்னலும் விசிறியுமாக இயங்கும் கட்டடம் ஒன்றைக் கொள்வோம். கழிந்த 30 நாட்களின் வெளி வெப்பநிலைக்கு, அண்மை நாட்களுக்குச் சற்று முதன்மை தந்து, ஒரு சராசரி காண்க. அதனை 0.54 ஆல் பெருக்கி 12.83 கூட்டுக. வெளிச் சராசரி 30 பாகை எனில் விடை 29.03. இதற்கு மேலும் கீழும் 2.38 பாகைக்குள் அறை இருந்தால், நூற்றுக்குத் தொண்ணூறு பேர் ஏற்றுக்கொள்வர். அதாவது, ஏறத்தாழ 26.7 முதல் 31.4 வரை. இக்கணக்கில் பருவம் மாற இதநிலையும் மாறுகிறது என்பதைக் கவனியுங்கள். தில்லியில் முதற் குளிர்காலத்தைக் கழித்த நம் மாணவர் யாரையும் கேளுங்கள். மார்கழியில் இரண்டு கம்பளிச் சட்டைக்குள் நடுங்கியவர், இரண்டாம் ஆண்டில் ஒன்றோடு உலாவுகிறார். உடலும் உடையும் பழக்கமும் சேர்ந்து ஊருக்குத் தக்கபடி இசைந்துகொள்கின்றன.

இதனால் என்ன ஆகிவிடப் போகிறது என்று கேட்கலாம். குளிரூட்டியின் இலக்கை ஒரு பாகை உயர்த்தினால் ஏறத்தாழ 6 விழுக்காடு மின்சாரம் மிச்சமாகும் என்று எரிசக்தித் திறன் பணியகம் கணக்கிட்டுள்ளது. 2020 சனவரி முதல் அறைக் குளிரூட்டிகள் 24 பாகையில் தொடங்குமாறு அமைக்கப்பட வேண்டும் என்ற விதி இதனால் எழுந்ததே. 2019-இல் நடுவண் அரசு வெளியிட்ட குளிரூட்டல் செயல்திட்டம், 2017-18-ஐ நோக்க 2037-38-இல் நாட்டின் குளிரூட்டல் தேவை ஏறத்தாழ 8 மடங்காகும் என்று மதிப்பிட்டது. அயல்நாட்டு மாணவனின் இதத்துக்காகக் கட்டடங்களை வரைந்தால், நம் நாடு தன்னிடம் இல்லாத மின்சாரத்தைத் தனக்கு வேண்டாத குளிருக்காகச் செலவிட நேரும். பண்பாட்டை மறந்த கணக்கு பசுமையையும் இழந்துவிடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

சன்னல் ஏன் மூடியிருக்கிறது?

வெப்பநிலை ஒன்றே பண்பாடு ஆகாது. மாதிரி, மாலை ஆறு மணிக்குச் சன்னலைத் திறக்கிறது. குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. மெய்யான வீட்டிலோ அதே வேளையில் சன்னல் அடைபடுகிறது. காரணம் கொசு. தரைத்தள வீடாயின், எதிர்வீட்டார் பார்வை படுகிறது என்று திரைச்சீலையும் இழுத்து விடப்படுகிறது. காற்றும் போயிற்று, ஒளியும் போயிற்று. மறைவு, பாதுகாப்பு, இரைச்சல் ஆகியவை மக்களைச் சன்னல் திறக்கவிடாமல் தடுக்கின்றன என்பதை ஐதராபாத் ஆய்வும் எடுத்துக்காட்டியது. கொசுவலை அடித்த சட்டம், உயர்ந்த தளத்தில் சிறு காற்றுச் சாளரம், பார்வையை மறைத்துக் காற்றை விடும் துளைச்சுவர் ஆகியவை விலை மிகுந்தவை அல்ல. ஆனால் சன்னல் மூடியிருக்கும் காரணத்தை வரைபவர் அறிந்தால்தானே இவை வரைபடத்தில் ஏறும்?

பகல் ஒளிக் கணக்கைப் பாருங்கள். தரையிலிருந்து ஏறத்தாழ முக்கால் மீட்டர் உயரத்தில், அதாவது மேசைப் பரப்பில் விழும் ஒளியையே பொதுவாக அளக்கின்றனர். நாற்காலியில் அமர்ந்து படிப்பவருக்கு அது சரி. பாயை விரித்துத் தரையில் அமர்ந்து படிக்கும் பிள்ளையின் புத்தகம் அந்தப் பரப்பிற்குக் கீழே கிடக்கிறது. தரையில் அமர்வோருக்குச் சன்னலின் அடிப்பகுதி தாழ்ந்திருந்தால்தான் காற்றும் மேலே படும். இவ்வளவுக்கும் மாதிரியில் மாற்ற வேண்டியது ஓர் எண்ணை மட்டுமே!

சமையலறை இன்னும் கருதத்தக்கது. குளிரூட்டி இல்லாத பகுதி என்று அதனைக் கணக்கிலிருந்து ஒதுக்கிவிடும் வழக்கம் உண்டு. மின்சாரச் செலவை மட்டும் நோக்கினால் அது முறையே. ஆனால் வீட்டிலேயே மிகுந்த வெப்பத்தில் நெடுநேரம் நிற்பவர் அங்கேதான் நிற்கிறார். அவர் பெரும்பாலும் பெண். கட்டடத்துக்குப் பசுமைச் சான்றிதழ் கிடைக்கும். அடுப்படியில் நிற்பவரின் வியர்வை எந்தப் பட்டியலிலும் ஏறாது. வழக்கத்தைப் போற்றுவது என்றால், வழக்கத்திலுள்ள குறையையும் சேர்த்துப் போற்றுவது என்று பொருள் கொள்ளலாகாது.

நல்லெண்ணம் போதுமா?

மக்களை எண்ணிப் பார்த்து வரைந்துவிட்டால் போதும் என்று சிலர் கருதலாம். எகிப்து நாட்டு வரலாறு ஒன்று இங்கே நினைக்கத்தக்கது. ஹசன் ஃபத்தி என்னும் கட்டடக் கலைஞர், 1940-களில் லக்சர் நகருக்கு அருகே நியூ குர்னா என்ற சிற்றூரை மண்செங்கல்லால் கட்டத் தொடங்கினார். பழங்கல்லறைகளின்மீது குடியிருந்த மக்களை அங்கே குடியேற்றுவது அரசின் எண்ணம். மண்சுவர் வெயிலைத் தாங்கிற்று, வளைகூரைக்கு மரம் தேவைப்படவில்லை, செலவும் குறைவு. குடும்பங்களின் தேவைகளைக் கேட்டறிந்து வரையவும் அவர் முயன்றார். எனினும் மக்களுள் மிகப் பலர் இடம்பெயர மறுத்தனர். ஊர் முழுமை பெறவில்லை. பழைய இடத்தோடு அவர்களுடைய பிழைப்பு பிணைந்திருந்தது. குவிமாடம் அவர்களுக்குக் கல்லறையை நினைவூட்டிற்று என்றும் கூறுவர். இடம்பெயரலாமா என்ற முதற்கேள்வி அவர்களிடம் கேட்கப்படாதபோது, மற்ற கேள்விகளுக்கு அவர்கள் தந்த விடைகளால் பயன் விளையவில்லை. கணிப்பொறியை எவ்வளவு கூர்மையாக்கினாலும் மக்களின் ஒப்புதலுக்கு அது ஈடாகாது.

செய்யத்தக்கன

ஆயின், எண்ணியல் மாதிரியைக் கைவிட வேண்டுமா? அன்று, அதனிடம் நல்ல கேள்விகளைக் கேட்க வேண்டும்.

முதலாவது, ஆயத்த அட்டவணைக்குப் பதிலாக, அந்த ஊரில், அந்த வருவாய்ப் பிரிவில் வாழ்வோரைக் கேட்டு அட்டவணை அமைக்க வேண்டும். ஒரே ஒரு சராசரிக் குடும்பத்தை வைத்து ஓட்டாமல், தனித்து வாழும் முதியவர், மூன்று தலைமுறை கூடிய குடும்பம், இரவுப் பணிக்குச் சென்று பகலில் உறங்கும் தொழிலாளி எனப் பலரையும் குடியமர்த்திப் பார்க்க வேண்டும். மின்சாரம் நின்ற மே மாத இரவில் கூரையின்கீழுள்ள அறை எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதையும் ஓட்டிப் பார்க்கலாம்.

இரண்டாவது, ஒவ்வொரு கதவுக்கும் குழாய்க்கும் உரிய செய்திகளை மாதிரியிலேயே சேர்த்து வைக்கும் முறை இப்போது பரவி வருகிறது. அதில் விலையும் எடையும் எழுதுகிறோம். இது பழுதுபட்டால் உள்ளூரில் யார் செப்பனிடுவார் என்ற ஒரு வரியையும் சேர்த்தால் என்ன? செப்பனிட ஆளில்லாத கருவி சில ஆண்டுகளில் குப்பையாகும்.

மூன்றாவது, குடியேறிய பிறகு திரும்பிச் சென்று கேட்க வேண்டும். மாதிரி சொன்னதும் மீட்டர் காட்டுவதும் வேறுபடுவது இத்துறையில் எல்லாரும் அறிந்ததே. அந்த வேறுபாட்டில்தான் மக்களின் வாழ்க்கை எழுதப்பட்டிருக்கிறது.

நம் நாட்டு மதிப்பீட்டு முறைகளிலும் இவ்வுணர்வு அரும்பியிருக்கிறது. கட்டுமானத் தொழிலாளரின் பாதுகாப்பும் கழிப்பிட வசதியும், ஊனமுற்றோர் புழங்கும் வசதி, பணியாட்களுக்கான இடம் ஆகியவற்றுக்கும் 'கிருகா' முறையின் 2015-ஆம் ஆண்டுப் பதிப்பு மதிப்பெண் வகுத்தது. இது வரவேற்கத்தக்கது. ஆனால் பண்பாட்டை வெறும் மதிப்பெண்ணாக்குவதில் ஓர் ஆபத்தும் உண்டு. முகப்பில் இரண்டு தாமரையைச் செதுக்கிவிட்டுப் பண்பாட்டுக்கு ஐந்து மதிப்பெண் கேட்போர் தோன்றிவிடுவர்!

மற்றோர் ஆபத்து இதனினும் பெரியது. 'நம் மக்கள் வெப்பத்துக்குப் பழகியவர்கள்' என்பதைச் சாக்காகக் கொண்டு, ஏழையின் வீட்டுக்குத் தகரக் கூரை போதும் என்று சொல்லிவிடக்கூடும். 2010 மே மாதத்தில் அகமதாபாத்தில் வெப்பநிலை 46.8 பாகையைத் தொட்டது. அம்மாதத்தில் வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்தனர் என்று பின்னர் செய்த ஆய்வு கூறிற்று. பழக்கத்துக்கு எல்லை உண்டு. உடல் இசைந்துகொள்ள வேண்டுமானால் விசிறி வேண்டும், திறக்கக்கூடிய சன்னல் வேண்டும், குடிக்க நீர் வேண்டும், நிழல் வேண்டும். இவற்றைக் கொடுக்காமல் பொறுமையை மட்டும் எதிர்பார்ப்பது அறிவியலும் அன்று, அறமும் அன்று.

மாணவ நண்பர்களே! மாதிரிக்கு வேண்டிய சமன்பாடுகள் எங்கள் ஆய்வுக்கூடத்தில் இருக்கின்றன. மனிதரைப் பற்றிய செய்தி அங்கே இல்லை. அது சமூகவியல் படிக்கும் உங்களிடம் இருக்கிறது; பொருளாதாரம் படிக்கும் உங்களிடம் இருக்கிறது; உங்கள் வீட்டு அடுப்படியில் இருக்கிறது. கோடை விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது ஒரு சிறு வேலை செய்யுங்கள். எந்தச் சன்னல் எந்த மணிக்கு, எதற்காக அடைபடுகிறது? உச்சிவெயிலில் பாட்டி எந்த மூலையைத் தேடிப் படுக்கிறார்? இரவில் மொட்டைமாடிக்குப் போகிறவர் யார், போக முடியாமல் உள்ளே புழுங்குகிறவர் யார்? இவற்றை ஒரு தாளில் 24 மணிக்கும் எழுதிக்கொண்டு வாருங்கள். அத்தாளைக் கணிப்பொறியில் ஏற்றும் வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.